வேரா ரூபினும் பெண்களுக்கு மூடியிருந்த வானாய்வகங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

1965ஆம் ஆண்டில் உலகிலேயே பெரிய தொலைநோக்கி அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் பாலோமர் மலையில் இருந்தது. அதன் கண்ணாடி மட்டும் ஐந்து மீட்டர் அகலம். அந்த மலைக்குப் போய் வானத்தை ஆராய வேண்டும் என்றால் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வசதிகள் குறைவாக இருப்பதால் பெண்களின் விண்ணப்பங்களை ஏற்க இயலாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருந்தார்கள். வேரா ரூபின் என்ற வானியலாளருக்கு வந்த படிவத்தில் 'பொதுவாக' என்ற ஒரு சொல்லை யாரோ பென்சிலால் இடையில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். பொதுவாக ஏற்க இயலாது. சரி, அப்படியானால் சில சமயம் ஏற்கலாம் அல்லவா? அந்த இடைவெளி வழியாகத்தான், தன் சொந்தப் பெயரில் முறைப்படி அனுமதி பெற்று பாலோமரில் வானத்தை ஆராய்ந்த முதல் பெண் என்ற இடத்துக்கு ரூபின் வந்தார்.

வசதிக் குறைவு என்று சொன்னது கழிப்பறையைத்தான். மலைமேல் ஆண்களுக்கான கழிப்பறை மட்டுமே இருந்தது. ரூபின் போன முதல் இரவில் வானம் மேகமூட்டமாக இருந்ததால், அங்கிருந்த ஒரு வானியலாளர் அவருக்கு வானாய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். ஒரு கதவைத் திறந்து, இதுதான் அந்தப் புகழ்பெற்ற கழிப்பறை என்று காட்டினாராம். பிற்பாடு ஒருமுறை ரூபின் ஒரு காகிதத்தைப் பாவாடை வடிவத்தில் வெட்டி, அந்தக் கதவில் இருந்த ஆண் உருவத்தின் மேல் ஒட்டிவிட்டு, இதோ இப்போது பெண்களுக்கும் கழிப்பறை வந்துவிட்டது என்றார். இதை அவருடைய தோழியும் வானியலாளருமான நெட்டா பாஹ்கால் சொல்லியிருக்கிறார்.

எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இதில் வியப்பு அடங்குவதில்லை. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் பார்க்கும் கருவியை நிறுவிய நாட்டில், அந்தக் கருவிக்குப் பக்கத்தில் இன்னொரு கழிப்பறை கட்ட முடியவில்லை. பெண்ணுக்கு அறிவு போதாது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது குறைவு. தங்க இடமில்லை, மலைப்பாதை சரியில்லை, இரவில் தனியாக எப்படி இருப்பீர்கள், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அக்கறையோடு கேட்பார்கள். அக்கறையாக வரும் மறுப்பை எதிர்த்து நிற்பது மிகவும் கடினம். அந்த மாதிரி மறுப்புகளை ரூபின் எப்படிச் சந்தித்தார் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ரூபினுக்கு முன்னால் இன்னொருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மார்கரெட் பர்பிட்ஜ். இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரம் விளக்கணைத்து இருண்டு கிடந்தபோது, அந்த இருட்டைப் பயன்படுத்தி விண்மீன்களை ஆராய்ந்தவர். 1945இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் பணியாற்றுவதற்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். பெண்களுக்கு அங்கே தொலைநோக்கி தருவதில்லை என்று பதில் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1955இல், அதே உதவித்தொகை அவருடைய கணவர் ஜெஃப்ரிக்குக் கிடைத்தது. ஜெஃப்ரி கோட்பாட்டு ஆய்வாளர். தொலைநோக்கியில் ஆராய்வதில் தேர்ந்தவர் மார்கரெட்தான். ஆகவே கணவர் பெயரில் தொலைநோக்கி நேரம் வாங்கி, அவருடைய உதவியாளர் என்று சொல்லிக்கொண்டு மார்கரெட் மலையேறினார். ஆண் வானியலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு உண்டு, ஆனால் அங்கே இவரைச் சேர்க்கவில்லை. தம்பதி இருவரும் தனியாக ஒரு சிறு வீட்டில் தங்கித் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள், 1957இல், விண்மீன்களின் உள்ளே தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை வந்தது. நால்வர் எழுதிய அந்தக் கட்டுரையில் முதல் பெயர் மார்கரெட்டுடையது. அந்த நால்வரில் வில்லியம் ஃபவுலருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரோடு சேர்ந்து அதைப் பெற்றுக்கொண்டவர் அவர்தான்.

இனி ரூபினிடம் வருவோம். 1928இல் பிறந்தவர். பத்து வயதிலிருந்து வாஷிங்டனில் வளர்ந்தார். இரவில் தூங்காமல் படுக்கை ஓரத்து ஜன்னல் வழியாக விண்மீன்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்பொறியாளரான அப்பா, அட்டைக் குழாய் ஒன்றைக் கொண்டு தொலைநோக்கி செய்ய உதவினார். வீட்டில் தடை இல்லை. வெளியில்தான். வாசர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்ததைச் சொன்னபோது, அறிவியல் பக்கம் போகாமல் இருந்தால் நீ நன்றாகவே வருவாய் என்றார் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். இன்னொரு கல்லூரியின் நேர்காணலில், வானியலும் ஓவியமும் பிடிக்கும் என்றதற்கு, வானக் காட்சிகளை ஓவியமாக வரையலாமே என்று யோசனை சொன்னார்கள். பட்டம் பெற்றபின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வானியல் படிக்க விவரம் கேட்டு எழுதினார். அந்தத் துறை பெண்களை எடுப்பதில்லை என்றார்கள். 1975 வரைக்கும் எடுக்கவில்லை.

அவர் போனது கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு. கணவர் ராபர்ட் ரூபின் அங்கே ஆராய்ச்சி மாணவர். முதுகலை ஆய்வுக்காக ரூபின் 108 விண்மீன் மண்டலங்களின், அதாவது கேலக்ஸிகளின், வேகங்களை எடுத்துக்கொண்டு, பிரபஞ்சம் விரிவடைவது தவிர அவற்றுக்கு வேறு ஒழுங்கான நகர்வு ஏதும் உண்டா என்று கேட்டார். துணிச்சலான கேள்வி. 1950 டிசம்பரில் அமெரிக்க வானியல் கழகத்தின் கூட்டம் பென்சில்வேனியாவில் நடக்க இருந்தது. அதற்குள் ரூபினுக்கு முதல் குழந்தை பிறந்துவிடும். நீங்கள் குழந்தையோடு போக முடியாது, கழகத்தில் உறுப்பினரும் இல்லை, நான் போய்ப் படிக்கிறேன், ஆனால் என் பெயரில்தான் படிக்க முடியும் என்றார் துறைத் தலைவர்.

நான் போகிறேன் என்று சொல்லிவிட்டார் ரூபின்.

அப்போது அவருக்கு வயது 22. கைக்குழந்தைக்கு ஒரு மாதம்கூட நிரம்பியிருக்காது. வாஷிங்டனிலிருந்து பெற்றோர் கார் ஓட்டிக்கொண்டு வந்து, பனி கொட்டிய பாதையில் மகளையும் மருமகனையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரங்கில் இருந்த வானியலாளர்களில் ஒருவரைக்கூட ரூபினுக்குத் தெரியாது. பத்து நிமிடம் பேசினார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, இது சரிவராது என்று சொன்னார்கள். மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்ட் ஒருவர்தான் இதமாகப் பேசினார். கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. ஒரு வாஷிங்டன் நாளிதழ் அதைச் செய்தியாகப் போட்டது. தலைப்பில் அவர் வானியலாளர் அல்ல, 'இளம் தாய்'.

இந்த இடத்தில் பலர் கதையைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தடைகள் வந்தன, அவர் வென்றார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏனென்றால் அடுத்து வந்த மாதங்களில் ரூபின் வெல்லவில்லை. கணவரின் வேலைக்காக வாஷிங்டன் பக்கம் குடிபோய், குழந்தையோடு வீட்டில் இருந்தார். ஆய்விதழ் தபாலில் வரும்போதெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அழுகையையும் அறிவியல் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேலே படி என்று வற்புறுத்தியவர் கணவர். வாஷிங்டனில் வானியலில் முனைவர் பட்டம் தந்தது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் ஒன்றுதான். வகுப்புகள் மாலையில். ரூபினுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மா வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். கணவர் காரில் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும் வரை காரிலேயே உட்கார்ந்து இரவு உணவைச் சாப்பிடுவார். ஆய்வுக்கு வழிகாட்டியவர் பெருவெடிப்புக் கோட்பாட்டின் முன்னோடிகளில் ஒருவரான ஜார்ஜ் காமோவ். கணவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் காமோவைச் சந்திக்கப் போனபோது, அலுவலக அறைகளுக்குள் பெண்களை விடுவதில்லை என்பதால் வாசல் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். விண்மீன் மண்டலங்கள் வானில் சீராகப் பரவியில்லை, கொத்துக் கொத்தாக இருக்கின்றன என்பது ரூபினுடைய ஆய்வின் முடிவு. 1954இல் பட்டம் வந்தது. முடிவு சரியானது, ஆனால் வெகுகாலம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் 1963இல் ஒரு நல்ல ஆண்டு அமைந்தது. நான்கு குழந்தைகளோடு குடும்பமே கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் போனது. அங்கே பல்கலைக்கழகத்தில் மார்கரெட், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவரோடும் வேலை. தன் கருத்துகளைக் கேட்பதில் அவர்களுக்கு உண்மையான ஆர்வம் இருந்தது என்று ரூபின் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பட்டம் வாங்கி ஒன்பது ஆண்டு கழித்துத்தான், தான் ஒரு வானியலாளர் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. அதே ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தில் இருந்த மரியா கெப்பர்ட் மேயருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. கணவர் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் மனைவிக்கும் வேலை தரக் கூடாது என்ற விதிகளால் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்தவர் அவர். முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி கிடைக்கும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். நோபல் பரிசு வந்த அன்று உள்ளூர் நாளிதழ் போட்ட தலைப்பிலும் அவர் 'சான் டியாகோ தாய்'தான்.

1965இல் ரூபின் வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்துக்கு நேரே போய் வேலை கேட்டார். கிடைத்தது. மாலை மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தைகளோடு இருக்க வேண்டும், அதற்காக மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம் போதும் என்றார். அங்கே கென்ட் ஃபோர்ட் என்ற ஆய்வாளர் மங்கலான ஒளியையும் விரைவாகப் பதிவுசெய்யும் ஒரு நிறமாலைமானியை, அதாவது ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவியை, உருவாக்கியிருந்தார். இரவு முழுக்கச் செய்ய வேண்டிய பதிவை அதில் வெகு சீக்கிரம் முடிக்கலாம். இருவரும் முதலில் அன்றைய பரபரப்பான துறையான குவாசர்களில், அதாவது வெகு தொலைவிலிருந்து மிகப் பிரகாசமாக ஒளிரும் வான்பொருள்களில், இறங்கினார்கள். எல்லோரும் முண்டியடித்த துறை அது. உங்கள் முடிவு வந்துவிட்டதா, சொல்லுங்கள் என்று நச்சரிப்பார்கள். அந்த அவசரம் ரூபினுக்குப் பிடிக்கவில்லை. யாரும் கவலைப்படாத ஒரு கேள்விக்குத் திரும்பினார். ஒரு விண்மீன் மண்டலத்தின் வெளிவிளிம்பில் இருக்கும் விண்மீன்களும் வாயுவும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன?

சூரியக் குடும்பத்தைப் பாருங்கள். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் விநாடிக்குச் சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வெகு தொலைவில் இருக்கும் நெப்டியூனுக்கு ஐந்தரை கிலோமீட்டர்கூட இல்லை. தூரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும், வேகமும் குறையும். விண்மீன் மண்டலத்திலும் பெரும்பாலான ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது, ஆகவே விளிம்பில் வேகம் குறைய வேண்டும். ரூபினும் ஃபோர்டும் நமக்கு அண்டை மண்டலமான ஆண்ட்ரோமீடாவில் 67 வாயுப் பகுதிகளின் வேகத்தை அளந்தார்கள். வெளியே போகப் போக வேகம் குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது கிட்டத்தட்ட அப்படியே நின்றது. சுற்றும் ராட்டினத்தில் ஓரத்து இருக்கை அவ்வளவு வேகமாகப் போனால், சங்கிலி அதைப் பலமாகப் பிடித்திருக்க வேண்டும். இங்கே அந்தப் பிடிப்பைத் தரும் பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை. 1970இல் இந்த முடிவு வெளியானது. வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியராக அப்போது இருந்தவர் நம் சந்திரசேகர்.

ஒரு மண்டலத்தை வைத்து முடிவுகட்ட ரூபின் தயாராக இல்லை. பத்தாண்டு அளந்தார். 1980இல் ஃபோர்ட், நார்பர்ட் தொன்னார்ட் இருவரோடும் சேர்ந்து 21 மண்டலங்களின் அளவுகளை வெளியிட்டார். எல்லாவற்றிலும் அதே கதை. ஒளிராத ஏதோ ஒன்று பிரபஞ்சத்தில் நிறைந்திருக்கிறது என்று 1933லேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர் சொல்லியிருந்தார். ரேடியோ வானியலாளர்களும் இதே போன்ற முடிவுகளை எட்டியிருந்தார்கள். ஆனால் மறுக்க முடியாதபடி சான்றுகளை அடுக்கியதில் ரூபினின் பங்கு மிகப் பெரியது. இந்த ஒளிராத பொருளைத்தான் கரும்பொருள் என்கிறோம். நாம் காணும் சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கரும்பொருள் இருக்கிறது என்பது இன்றைய கணக்கு. அது என்ன பொருள் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

தனக்குக் கதவு திறந்ததும் ரூபின் அமைதியாகிவிடவில்லை. மாநாட்டுப் பேச்சாளர் பட்டியலில் பெண் பெயர் இல்லையென்றால் அமைப்பாளர்களிடம் ஏன் என்று கேட்பார். அறிவியல் செய்ய எல்லோருக்கும் ஒரு அனுமதி தேவைப்படுகிறது, வரலாற்றுக் காரணங்களால் அது ஆண்களுக்கே அதிகம் கிடைக்கிறது என்று அவர் எழுதினார். மார்கரெட் பர்பிட்ஜ் வேறு வழியில் போராடினார். பெண்களுக்கென்று தனியாக வைத்திருந்த ஒரு வானியல் பரிசை 1971இல் வேண்டாம் என்று மறுத்தார். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டோடு, அவர்களுக்குச் சாதகமான பாகுபாடும் ஒழிய வேண்டும் என்றார். இருவர் வழியும் எனக்கு மதிப்புக்குரியதுதான். ஆனாலும் தினம் தினம் கேட்டுக்கொண்டே இருந்த ரூபினின் வழிதான் என் மனதுக்கு நெருக்கம்.

1996இல் பிரிட்டனின் அரச வானியல் கழகம் ரூபினுக்குத் தங்கப் பதக்கம் தந்தது. அதற்கு முன் அதைப் பெற்ற பெண் கரோலின் ஹெர்ஷல், 1828இல். இடையில் 168 ஆண்டுகள். நோபல் பரிசு ரூபினுக்கு வரவே இல்லை. 2016 டிசம்பர் 25 அன்று, 88 வயதில் காலமானார். தன் பெயரைவிடத் தான் அளந்த எண்களே தனக்கு முக்கியம், பல ஆண்டு கழித்தும் வானியலாளர்கள் அவற்றைப் பயன்படுத்தினால் அதுவே பெரிய பாராட்டு என்று அவர் சொன்னதுண்டு. அவர் அப்படிச் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயரும் முக்கியம்தான். சிலி நாட்டில் அமெரிக்காவின் முயற்சியில் 8.4 மீட்டர் கண்ணாடியோடு எழுந்து, 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வானாய்வகத்துக்கு வேரா ரூபின் வானாய்வகம் என்று பெயர். அமெரிக்காவின் தேசிய வானாய்வகங்களில் ஒரு பெண்ணின் பெயர் சூட்டப்பட்டது அதற்குத்தான் முதல்முறை.

நன்றி, வணக்கம்.