குட்டும் குனிவும் ஒரு மனுவும்

மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, இந்த மழையிலும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த பக்கத்துப் பங்கின் அருட்தந்தை அவர்களே, ஒலிபெருக்கிக்கு வாடகை வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பங்குப் பேரவைத் துணைத் தலைவர் அவர்களே, அருட்சகோதரிகளே, செபமாலையும் கையுமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

பழைய இலத்தீன் பூசையைக் கேட்டு ஒரு மனு போடுகிறோம்; அதை முன்னிட்டு மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். திருச்சபையில் அதிகாரம் எதுவரை செல்லும்; உலக அரசுகளிடம் ரோம் எப்படி நடந்துகொள்கிறது; 1925இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கிறிஸ்து அரசர் திருவிழாவை ஏன் ஏற்படுத்தினார்.

என் தாத்தா உபதேசியார். 'குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன், குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன்' என்பார். கோயில் கணக்கு வழக்கில்கூட இதைத்தான் சொல்வார். நம் விஷயத்துக்கும் இது பொருந்தும். திருத்தந்தைக்குக் கீழ்ப்படிய வேண்டுமா? வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் திருத்தந்தையின் தவறா வரத்தை, அதாவது அதிகாரபூர்வமாக விசுவாசத்தைப் போதிக்கும்போது அவர் தவறமாட்டார் என்பதை, அறிவித்த 1870ஆம் ஆண்டு வத்திக்கான் சங்கமே என்ன சொன்னது? இராயப்பரின் வழிவந்தவர்களான திருத்தந்தையர்களுக்குத் தூய ஆவி வாக்களிக்கப்பட்டது புதுப் போதனை படைக்க அல்ல, ஒப்படைக்கப்பட்டதைக் காக்க. விசுவாசப் பெட்டகத்துக்குத் திருத்தந்தை காவல்காரர், உடைமைக்காரர் அல்ல.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய திருப்பலி நூலைக் கொண்டுவந்தார். பழைய இலத்தீன் பூசை மறையப்போகிறது. இங்கிலாந்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். யார் யார் தெரியுமா? வயலின் மேதை யெஹுதி மெனுகின் யூதர். ஆங்கிலிக்கன் ஆயர்கள் இரண்டு பேர். அப்புறம், கொலைக் கதை எழுதுகிற அந்த அம்மா, அகதா கிறிஸ்டி! அவரும் நம் சபை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, 'உங்கள் தாத்தா நட்ட மாமரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்?' என்று கேட்ட மாதிரி. மனு இங்கிலாந்தின் கர்தினால் ஹீனன் வழியாக ரோமுக்குப் போனது. திருத்தந்தை கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாராம். திடீரென்று நிறுத்தி, 'அட, அகதா கிறிஸ்டி!' என்றாராம். அப்படிச் சொன்னாரோ இல்லையோ, 1971 நவம்பரில் இங்கிலாந்தில் பழைய பூசைக்கு அனுமதி வந்தது உண்மை. அவர்கள் வெறுமனே குனியவும் இல்லை, முறைத்துக்கொண்டு வெளியேறவும் இல்லை. மனு எழுதினார்கள்.

பழைய பூசையை விடாமல் பிடித்துநின்ற பிரெஞ்சுப் பேராயர் லெபேவ்ர் குனிய மறுத்தார், சரி. அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 1988 ஜூன் 30 அன்று, சுவிட்சர்லாந்தின் எக்கோனில், ரோமின் ஆணை இல்லாமலே நான்கு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். அந்த இடத்தில் என் கால் நின்றுவிடுகிறது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் பழைய திருப்பலி நூல் ஒருபோதும் ரத்து செய்யப்படவில்லை என்றார். 2009இல், அந்த அபிஷேகத்துக்காக நால்வர்மேல் இருந்த திருச்சபை விலக்கத்தையும் நீக்கினார். காயம் ஆறிவருகிறது என்று நினைத்தோம். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் பழைய பூசைக்கு மறுபடியும் கட்டுப்பாடு போட்டார். அந்த ஆணைக்கு வைத்த பெயர் 'பாரம்பரியத்தின் காவலர்கள்'! குனியக் குனியக் குட்டுகிறவன்... சரி, பழமொழியை நான் முடிக்கவில்லை. பங்குத்தந்தை பார்க்கிறார்.

உலக விஷயம் என்றேனே. 2018இல் ஆயர் நியமனம் குறித்து ரோம் சீனாவோடு உடன்பாடு செய்தது. ஹாங்காங் கர்தினால் சென், அரசுக்கு அடங்காமல் மறைவாகப் பூசை கண்டவர்களைக் கைவிடுவதா என்று கொதித்தார். பெய்ஜிங்கிடம் ரோம் காட்டுகிற பொறுமையைச் சொந்தப் பிள்ளைகளிடம் காட்டக் கூடாதா? துணைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கிறிஸ்து அரசரை இன்னொரு நாள் பார்ப்போம்.

1963இல் எனக்கு எட்டு வயது, பீடச்சிறுவன். பூசையில் குருவுக்குப் பதில் சொல்லத் தாத்தா ஒரு நாற்பது பக்க நோட்டில் இலத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார்: 'அத் தேயும் குயி லெத்திபிக்காத் யுவெந்தூத்தெம் மேயாம்.' என் இளமையை மகிழ்விக்கும் தேவனிடம் போவேன் என்று பொருள். அந்த நோட்டு இதோ. இந்த ஓரத்தில் இருப்பது மெழுகுக் கறை.

மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பழைய பூசை, அவ்வளவுதான் கேட்கிறோம். ஆயர் அனுமதி வேண்டும்; பங்குக் கோயிலில் வைக்கக் கூடாது என்பது இப்போதைய விதி. அதனால் கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். அங்கே கூரை ஒழுகுகிறது, பரவாயில்லை. மனு பின்னால் தேநீர் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், யாரும் எடுத்துப் போய்விடாதீர்கள். கையெழுத்துப் போட வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மைப்பெட்டியும் இருக்கிறது.