சேம்புக்குச் சொந்தக்காரி

(மொரீஷியஸ், கியூர்பீப் பகுதிக் கோயில் மண்டபத்தில் பேசியது)

அம்மாமாரே, ஐயாமாரே, வணக்கம்.

போன வாரம் ஒரு கல்யாணம். மணமேடையில் வைத்திருந்த சிவப்பு ஆந்தூரியத்தை ஒரு சிறுமி நகத்தால் கீறிப் பார்த்து, "பிளாஸ்டிக்கா, தாத்தா?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை, மெழுகு பூசினாற்போல் அல்லவா மின்னுகிறது! "நிஜப் பூதானம்மா" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவள் கீறியது பூவே இல்லை.

அந்தச் சிவப்பு, பாளை. தென்னம்பாளை கதிரைப் பொத்தி வைத்திருக்குமே, அந்த ஜாதி. பூ இருப்பது நடுவில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் கதிரில். இதோ ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், பக்கத்தில் வந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப் பூ. ஒரே பூவில் சூலகமும் உண்டு, மகரந்தமும் உண்டு, இரண்டும் சேர்ந்து விழிப்பதில்லை. முதலில் சூலகத்தின் நுனியான சூல்முடி ஈரம் கசியும். அது காய்ந்த பிறகுதான் மகரந்தம் வெளியே வரும். கிரேக்க மொழியில் ஆந்தூரியம் என்றால் பூ வால். கதிரைப் பார்த்து வைத்த பெயர்.

இதற்குத் தாய்வீடு கொலம்பியா, ஈக்வடோர் பக்கத்து ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவு. 1876இல் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் கொலம்பியாவில் கண்டெடுத்தார். அங்கே மரங்கள் மேலே கூரை போட்டுவிடும். அடியில் வாழும் செடிக்கு நூற்றில் ஓரிரண்டு பங்கு வெளிச்சம் கிடைத்தால் பெரிது. இலை அகலமாக இருப்பது அதனால்தான். இலையும் காம்பும் சேரும் இடத்தைத் தடவுங்கள், முழங்கால்போல் ஒரு தடிப்பு தட்டுப்படும். அந்த மூட்டை வைத்துத்தான் இலை வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஒரு புயலில் எங்கள் தோட்டத்து நிழல்வலை கிழிந்தது. பிறகு மூன்று நாள் நல்ல வெயில். இலையெல்லாம் வெளுத்து, அப்பளம்போல் நொறுங்கியது. நான் மடையன், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பழைய சாக்கை மேலே விரித்துக் கட்டினார்.

ஆந்தூரியத்துக்குச் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? நாம் காத்தோ என்ற பலகாரம் சுடும் அருய்க் கிழங்கு, புளி விட்டுக் கடையும் சேம்பிலை, சேனைக்கிழங்கு, எல்லாம் ஒரே குடும்பம். கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு ஊசிகள். ஆந்தூரியத்திலும் அவை உண்டு, ஆகவே குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேம்பு பூத்து எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அபூர்வமாகத்தான் பூக்கும். ஓடைக்கரைப் பக்கம் போனால் இலைக்கடியில் குனிந்து பாருங்கள். இதே பாளை, இதே கதிர், மஞ்சள் நிறத்தில்.