எதிரே வருபவருக்கு உங்கள் நாயைத் தெரியாது

அனைவருக்கும் வணக்கம்.

நாய் வளர்ப்பவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாயைக் கண்டால் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போகிறவர்களும் சிலர் வந்திருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

நகரங்களில் செல்லப்பிராணி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உரிமத்தை எப்போது புதுப்பிப்பது, பூங்காவுக்குள் விடுவார்களா, எந்த நாய்க்கு வாய்மூடி கட்டாயம் என்பதையெல்லாம் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் பெரும்பாலான நகரங்களில் இரண்டு விதிகளைப் பார்க்கலாம். ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வெளியே கூட்டிவந்தால் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். இந்த இரண்டுமே முதலில் எதிரே வருகிற முன்பின் தெரியாத மனிதருக்காகப் போடப்பட்டவை என்று நான் நினைக்கிறேன்.

தெருவில் நாம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது." சொல்பவர் மனதறிந்துதான் சொல்கிறார். குட்டியாக இருந்ததிலிருந்து அதை வளர்த்தவர் அவர். கேட்பவர் அந்த நாயை அன்றுதான் பார்க்கிறார். அதற்கு ஊசி போட்டாயிற்றா, குழந்தைகளோடு பழகியதா, எதற்கெல்லாம் மிரளும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் நம்பிக்கையை அவரும் நம்ப வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

முதலில் ஊசி. ரேபிஸ் எப்படிப்பட்ட நோய் என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. கடித்த இடத்தில் உமிழ்நீர் வழியாக நுழையும் கிருமி, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளையை நோக்கிப் போகும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் எடுக்கும். சில சமயம் ஒரே வாரம், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேலே. அறிகுறி தெரிந்துவிட்டால் அப்புறம் மருந்து இல்லை. ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோகிறார்கள். உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 59,000 பேர் இதில் சாவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான் வருகிறது. சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். குழந்தை நாயின் முகத்துக்கு நேரே குனியும். கடித்ததை வீட்டில் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்கவும் செய்யும்.

இவ்வளவு பயங்கரமான நோயைத் தடுக்கும் வழி நமக்குத் தெரியாமல் இல்லை. 1885 ஜூலையில், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் தடுப்பூசி போடப்பட்டது, அவன் பிழைத்தான். அதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜப்பான். அங்கே 1950-இல் ஒரு சட்டம் வந்தது. நாய்களைப் பதிவு செய்ய வேண்டும், தவறாமல் ஊசி போட வேண்டும், தெருவில் திரியும் நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டும். 1957-க்குப் பிறகு அந்த மண்ணில் நாய்களிடம் ரேபிஸே இல்லை. ஏழே வருடம்! சட்டம் காகிதத்தில் இருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. நாய் வைத்திருந்தவர்கள் ஊசி போட்டார்கள். ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள் நிபுணர்கள். அந்த எழுபதில் உங்கள் நாய் இருக்கிறதா?

"எங்க நாய் வாசலைத் தாண்டாதே, அதுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்பவர்கள் உண்டு. கதவு ஒருநாள் திறந்தே கிடக்கும். ரேபிஸ் மட்டுமல்ல, நாய்களுக்குக் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது அது. பூனை வளர்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பூனைக்கும் ரேபிஸ் வரும்.

குட்டிகளுக்கு ஏன் திரும்பத் திரும்ப ஊசி என்றும் கேட்கிறார்கள். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை ஊசியின் வேலையை அதுவே கெடுத்துவிடும். எந்த வாரத்தில் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் பார்வோ ஊசியையும், டிஸ்டெம்பர் என்கிற இன்னொரு கொடிய நாய் நோய்க்கான ஊசியையும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். ரேபிஸ் ஊசி பொதுவாக மூன்று மாதத்தில், பிறகு ஒரு வருடம் கழித்து. அடுத்தடுத்த ஊசி வருடத்துக்கு ஒன்றா, மூன்று வருடத்துக்கு ஒன்றா என்பது மருந்தையும் உங்கள் ஊர் விதியையும் பொறுத்தது. பாதியில் நிறுத்தினால் போட்டதும் வீணாகலாம்.

சரி, கயிற்றுக்கு வருவோம். கயிறு போட்டால் நாயின் சுதந்திரம் போய்விடுகிறது என்று வருத்தப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாகப் பழக்கிய நாய்கூட திடீரென்று ஒரு சத்தம் கேட்டால் ஓடும், பூனையைக் கண்டால் பாயும். சாலையில் வருகிற வண்டிக்கு அது பழக்கிய நாயா இல்லையா என்று தெரியாது. நியூயார்க் போன்ற நகரங்கள் கயிறு ஆறு அடிக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. அந்த நீளத்தில் நாய் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எதிரே வருபவருக்கு ஒதுங்க இடம் இருக்கும். பொத்தானை அழுத்தினால் பதினைந்து அடிக்கும் மேல் நீளுகிற கயிறு நெரிசலான தெருவுக்கு ஒத்துவராது. சைக்கிளில் வருபவரின் காலில் அது சுற்றிக்கொண்ட பிறகு பொத்தானைத் தேடிப் பயனில்லை. இன்னொன்று: கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நாய் இழுத்தால் தாங்க முடியாத சின்னப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, விதியை மதித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணும் உரிம வில்லையும் இருக்கட்டும். நாயின் தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப் வைத்திருந்தால், வீடு மாறியதும் அதோடு பதிவாகியிருக்கும் முகவரியையும் மாற்றுங்கள்.

கடைசியாக, எல்லாம் செய்தும் நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது? பலர் நாயை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வழக்கு வருமோ, நாயைப் பிடித்துப் போய்விடுவார்களோ என்ற பயம். புரிகிறது, ஆனாலும் அது பெரிய அநியாயம். கடிபட்டவருக்கு அந்த நேரத்தில் உங்கள் நாயைப் பற்றிய தகவல்தான் முக்கியம். காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனியுங்கள். கடித்தபோது அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால், அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழுந்துவிடும். அது நலமாகவே இருந்தால், கடிபட்டவருக்கு மீதி ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஊசிக் கையேட்டை இன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் அதைக் கடிபட்டவரிடம் காட்டி, மருத்துவமனைக்கு நீங்களும் கூடவே போங்கள்.