அடுத்த குண்டுக்கு முன் கிடைக்கும் சில மணி நேரம்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் 15 முதல் 34 வயது வரையுள்ள கறுப்பின ஆண்களின் சாவுக்கு முதல் காரணம் கொலை. இதைச் சொன்னதுமே, "அவர்களுக்குள் அவர்களே அடித்துக்கொள்கிறார்கள்" என்று ஒரு பதில் வரும். அங்கே கொல்லப்படும் வெள்ளையர்களையும் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான் கொல்கிறார்கள். எந்த ஊரிலும் மனிதன் பக்கத்தில் இருப்பவனோடுதான் மோதுகிறான். யார் யாருக்குப் பக்கத்தில் வாழ வேண்டும், எந்த நிலையில் வாழ வேண்டும் என்பதை முடிவு செய்தது யார்? கேட்க வேண்டியது இதைத்தான். சிகாகோவை வைத்துப் பார்ப்போம்.

1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம். சிவப்பு என்றால் ஆபத்து, கடன் கொடுக்காதே என்று அர்த்தம். வீடு வாங்க முடியாதவன் பிள்ளைக்கு எதை விட்டுப் போவான்? அடுத்து வேலை போனது. நகரின் தென்பகுதியில் விஸ்கான்சின் ஸ்டீல் ஆலை 1980இல் மூடப்பட்டது. சவுத் வொர்க்ஸ் ஆலை 1992இல். இடையில் வந்த கிராக் கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் வியாபாரம் பதின்வயதுப் பையன்களை வேலைக்கு எடுத்தது. கூடவே கையில் துப்பாக்கியையும் கொடுத்தது.

இவை பலரும் அறிந்தவை. அடுத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1990களில் பெரிய கும்பல்களின் தலைவர்களை அரசு நீண்டகாலச் சிறைக்கு அனுப்பியது. ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்தது. அதில் கடைசிக் கட்டடம் விழுந்தது 2007இல். இரண்டும் நல்லதற்கு என்றுதான் செய்தார்கள். ஆனால் பெரிய கும்பல்கள் இரண்டு மூன்று தெரு அளவுக்குச் சிதறின. "போதும், நிறுத்து" என்று அதட்ட ஆளில்லாமல் போனது. வீடிழந்த குடும்பங்கள் எதிர்க்கும்பலின் பேட்டைக்குள் குடிபோக நேர்ந்தது. இன்று பல கொலைகளுக்குக் காரணம் போதைப்பொருள் கணக்கு அல்ல. கைபேசியில் போட்ட ஒரு கேலி வீடியோவாக இருக்கும், அல்லது போன மாதம் செத்த நண்பனாக இருக்கும்.

இதற்கெல்லாம் மேலாக நான் வைப்பது ஒன்று உண்டு. சிகாகோவில் பல ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட கொலைகளில் கைது என்பதே நடக்கவில்லை. சாட்சி சொன்னவனுக்குப் பாதுகாப்பும் இல்லை. தம்பியைக் கொன்றவன் அதே தெருவில் நடமாடும்போது, அண்ணன் நீதிமன்றத்தை நம்பிக் காத்திருப்பானா? இந்தப் பையன்களில் பலர் துப்பாக்கி வைத்திருப்பது சாகப் பயந்து.

எத்தனை பேர் இவர்கள்? சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பகிரிஸ்டோஸ் குழு 2006 முதல் 2012 வரையிலான சிகாகோ பதிவுகளை அலசியது. குண்டடிபட்டுப் பிழைத்தவர்களில் 70 சதவீதம், நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவான, ஒன்றாகக் கைதானவர்களின் வலைப்பின்னலுக்குள் அடங்கியிருந்தார்கள். ஆகவே ஒரு பேட்டை முழுவதையும் நிறுத்திச் சோதனை போடுவது வீண்வேலை. வீண் மட்டுமல்ல, சாட்சி சொல்லக்கூடியவர்களையும் அது பகைத்துக்கொள்கிறது.

அந்தச் சிலரைத் தேடிப் போகும் முறையைத் தொற்றுநோய் மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000இல் வெஸ்ட் கார்ஃபீல்டு பார்க் பகுதியில் தொடங்கினார். பழிக்குப் பழியாக நடக்கும் அடுத்த சூட்டை நிறுத்தப் போகும் தடுப்பாளர்களாக எடுக்கப்படுவோர் பெரும்பாலும் அதே பேட்டைக்காரர்கள், ஒரு காலத்தில் கும்பலில் இருந்து சிறைக்கும் போய் வந்தவர்கள். ஒருவன் சுடப்பட்டால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போவார்கள். படுத்திருப்பவனைவிட, வாசலில் நிற்கும் நண்பர்களில் யார் பேசாமல் இறுகிப்போய் நிற்கிறான் என்று பார்ப்பார்கள். அவனிடம் உபதேசம் எடுபடாது. நேரத்தைக் கடத்துவதுதான் வேலை. காரில் ஏற்றிச் சாப்பிட அழைத்துப்போவார்கள். அவன் மதிக்கும் பாட்டியையோ மாமாவையோ பேசவைப்பார்கள். முடிந்தால் வேறு ஊர் உறவினர் வீட்டுக்குச் சில நாள் அனுப்புவார்கள். அதே நேரத்தில் இன்னொரு தடுப்பாளர் எதிர்த்தரப்போடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு பக்கம் மட்டும் அடங்கினால் அந்தப் பக்கத்துக்காரன்தான் சாவான்.

இது எங்கே கெடும்? தடுப்பாளர் போலீசுக்குத் துப்புக் கொடுக்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் போதும், அவர் வேலையும் போகும், உயிரும் போகலாம். பேட்டைக்குத் தெரியாத ஆளை அனுப்பினால் காதுகொடுக்க மாட்டார்கள். அந்த இரவு கடந்தபின் அடையாள அட்டை, நீதிமன்றத் தேதி, வேலை என்று கூடவே அலைய ஒரு களப்பணியாளர் வேண்டும்; ஒருவர் பொறுப்பில் 15 பேர், மிஞ்சினால் 20 பேர். அதற்கு மேல் சுமத்தினால், எளிதில் பேசக்கூடிய பையன்களைச் சேர்த்துக் கணக்குக் காட்டத் தொடங்குவார்கள். சுடக்கூடியவன் பட்டியலிலேயே இருக்கமாட்டான். எல்லா ஊரிலும் இது பலித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க்கில் இதே பாணியில் நடந்த திட்டத்தை மதிப்பிட்டபோது, கொலைகள் குறைந்ததாகத் தெரியவில்லை.

பள்ளிக்குள் செய்யக்கூடியது, பதின்வயதுப் பையன்களுக்கான 'பிகமிங் எ மேன்' திட்டம். ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இருவரில் ஒருவன் கையில் பந்து. மற்றவன் 30 விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். ஏறக்குறைய எல்லோருமே விரலை முறுக்குவார்கள், கட்டிப்புரள்வார்கள். பிறகு பயிற்சியாளர் கேட்பார்: ஏன் ஒருவரும் 'கொடு' என்று கேட்கவில்லை? தெருவில் வளைந்துகொடுத்தால் நாளைக்கும் அடி விழும் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியும்; அந்தக் கணக்கு தப்பில்லை. இது தெருவா வகுப்பறையா என்று ஒரு கணம் நின்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பயிற்சி. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன.

பிலடெல்பியாவில் வேறு வழி பார்த்தார்கள். 541 காலிமனைகளை ஆய்வுக்கு எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்செய்து, புல்லும் சில மரங்களும் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புதர் போனால் துப்பாக்கியை ஒளித்துவைக்க இடமில்லை. அக்கம்பக்கத்தார் வெளியே வந்து உட்காரவும் தொடங்குகிறார்கள். ஒரு மனைக்கு ஏறக்குறைய 1,600 டாலர்தான் செலவு.

தடுப்பாளர் வேலைக்குப் பணம் மட்டும் நிலையாக வருவதில்லை. சிகாகோவில் 2007இல் மாநில நிதி நின்றது. 2015இல் பட்ஜெட் இழுபறியில் மறுபடி நின்றது. 2021இல் கொரோனா நிவாரண நிதியால் பல நகரங்கள் ஆள் எடுத்தன. 2025 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் நடப்பில் இருந்த மானியங்களையே பாதியில் ரத்து செய்தது. வேலை போன தடுப்பாளரின் கைபேசி எண் பையன்களிடம் அப்படியே இருக்கிறது. நள்ளிரவில் அது அடித்தால் அவர் சம்பளமில்லாமல், காப்பீடில்லாமல், உடன் ஆளில்லாமல் போக வேண்டும்; இல்லையென்றால் எடுக்காமல் விட வேண்டும். அதனால் நகர மன்றங்களில் தடுப்பாளர்கள் வைக்கும் கோரிக்கை, இந்த வேலையைத் தீயணைப்புத் துறையைப் போல ஆண்டு பட்ஜெட்டின் நிரந்தரத் தலைப்பில் சேருங்கள் என்பது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரம் 2007இலேயே இதற்கென நகராட்சிக்குள் தனி அலுவலகம் வைத்துவிட்டது.