சோடாவும் சுண்ணாம்பும்: சிப்பிக் குஞ்சின் முதல் இரண்டு நாள்

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீரின் குணம் மாறிவருகிறது, அதனால் சிப்பி, மட்டி, சங்கு போன்ற ஓட்டுயிர்களுக்கு ஆபத்து. இதைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருக்கிறார்கள். வேலூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். நியாயம்தான். அலையைப் பார்க்க இங்கிருந்து 140 கிலோமீட்டர் போக வேண்டும். நம் மார்க்கெட்டில் மட்டியைக் கூறு போட்டு விற்பதும் இல்லை. ஆனால் சிப்பி ஓடு நம் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. பழவேற்காட்டு ஏரியில் அள்ளிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றித் தாளித்தால் சுண்ணாம்பு. வெற்றிலைக்கும் அதுதான், பழைய வீடுகளில் கை வைத்தால் வழுக்கும் சுவர்ப்பூச்சுக்கும் அதுதான். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலை தெரிந்தவர்களுக்குச் சுண்ணாம்புக் குழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அதனால் சுண்ணாம்பிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரிந்தால் கடல் சமாச்சாரம் பாதி புரிந்துவிடும்.

ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வெள்ளைச் சுண்ணாம்பைக் கரையுங்கள். பாட்டிலை வாய் வரைக்கும் நிரப்பி, இறுக மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். ஒரு லிட்டர் நீரில் சுமார் ஒன்றரை கிராம்தான் கரையும். மிச்சம் அடியில் படியும், ஆகவே அள்ளிப் போடுவதில் பயனில்லை. காலையில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் கால் டம்ளர் சாய்த்து எடுங்கள். கூடவே கால் டம்ளர் கேன் தண்ணீர். இப்போது சோடா. வெறும் சோடா, பன்னீர் சோடா, கலர் எல்லாம் வேண்டாம். அதில் ஒரு டீஸ்பூன் விடுங்கள். தெளிந்த நீர் பாலாக மாறும். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் குறை. இன்னும் அரை டம்ளர் சோடாவை ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். சில நிமிடத்தில் அந்தப் பால் நிறம் போய், நீர் மறுபடியும் தெளியும்.

முதலில் வந்த வெள்ளை என்ன? கால்சியம் கார்பனேட். சிப்பி ஓடு எதனால் ஆனதோ அதே பொருள். சோடாவில் இருக்கும் வாயு கார்பன் டை ஆக்சைடு. நம் மூச்சிலும், லாரிப் புகையிலும், அடுப்புப் புகையிலும் இருப்பது. அந்த வாயு கொஞ்சமாகச் சேர்ந்தபோது ஓட்டுப் பொருள் உண்டானது. அதே வாயு அளவுக்கு மீறியதும் கார்பனேட்டை, நீரில் கரையும் பைகார்பனேட் ஆக்கிக் கரைத்துவிட்டது. தெளிந்த அந்த நீரைக் கொதிக்க வையுங்கள்: வாயு வெளியேறும், வெள்ளை திரும்ப வரும். நம் போர் தண்ணீரில் வெந்நீர் போடும் தவலையிலும் ஹீட்டர் ராடிலும் வெள்ளையாகக் கட்டுகிறதே, இதே கதைதான் அதுவும்.

சரியாக வரவில்லை என்று யாராவது சொல்வீர்கள். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். கேன் தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீர் எடுத்தால், அதிலிருக்கும் பைகார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்து, சோடா விடும் முன்பே வெள்ளை தட்டிவிடும். சுண்ணாம்பு டப்பா திறந்தே கிடந்து காய்ந்து கட்டியிருந்தால், அது காற்றிலிருந்தே வாயுவை வாங்கிப் பழையபடி ஓட்டுப் பொருளாகிவிட்டது, வேலைக்காகாது. தெளிவில் தண்ணீர் சேர்க்காமல் செய்தால் பாதிதான் தெளியும், மங்கலாகவே நிற்கும். சோடா திறந்து வெகுநேரம் ஆகியிருந்தால் பால் நிறத்தோடு நின்றுவிடும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி கடலுக்கு வருவோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் செயலால் காற்றில் சேரும் இந்த வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வானத்துக்கு அது நல்லது, கடலுக்கு அல்ல. நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவுக்குப் பி.எச். என்று பெயர்; அது குறையக் குறைய அமிலப் பக்கம். மேல்மட்டக் கடல்நீரின் பி.எச். சராசரி 8.2-லிருந்து 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 0.1 தானே என்று விட்டுவிட முடியாது. அந்த அளவுகோலில் 0.1 இறங்கினால் அமிலத் தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி ஏறத்தாழ 26 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. கால் வைத்தால் எரியும் என்றோ, சங்கெல்லாம் கரைந்து ஓடுகிறது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு எங்கேதான் ஆபத்து? வீடு கட்டுகிறவருக்குச் செங்கல் மலைபோல் குவிந்திருந்தும் சிமெண்ட் வராவிட்டால் எப்படி? அப்படித்தான். ஓட்டுக்கு இரண்டு சரக்கு வேண்டும், கால்சியமும் கார்பனேட்டும். கால்சியம் கடலில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கிடக்கிறது, குறைவே இல்லை. கார்பனேட்தான் கொஞ்சம். வந்து சேரும் வாயு அந்தக் கொஞ்சத்தையும் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. சோடா டம்ளரில் பார்த்தீர்களே, அது. ஆக, இருக்கிற ஓடு கரைவதைவிட, புது ஓடு கட்ட முடியாமல் போவதுதான் பெரிய தொல்லை. இதை மறுபடியும் சொல்லுவேன்.

கட்டப்போவது யார் என்று பாருங்கள். முட்டை கருவுற்று ஒன்று இரண்டு நாளுக்குள் சிப்பிக் குஞ்சு தன் முதல் ஓட்டைக் கட்டி முடிக்க வேண்டும். உடம்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடு வந்தபிறகுதான் ஒழுங்காக இரை தேட முடியும். அதுவரை முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்புதான் கைமுதல். கார்பனேட் குறைந்த நீரில் ஒவ்வொரு துளி ஓட்டுக்கும் கூடுதல் சக்தி செலவாகும். கைமுதல் தீர்ந்துபோனால் குஞ்சு பட்டினியால் சாகும், இல்லையென்றால் குறுகி வளைந்த ஓட்டோடு நிற்கும். இன்னொன்று: குஞ்சு கட்டுவது கால்சியம் கார்பனேட்டில் அரகொனைட் என்ற வகை. வளர்ந்த சிப்பியின் ஓட்டில் பெரும்பகுதியாக இருக்கும் கால்சைட் என்ற இன்னொரு வகையைவிட இது எளிதில் கரையக்கூடியது. நீர் ஓட்டைக் கரைக்கும் நிலையைத் தொடுவதற்கு வெகுமுன்பே குஞ்சு திணற ஆரம்பித்துவிடும். பெரிய சிப்பி தாக்குப்பிடிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கட்ட முடியாமல் போவதுதான் தொல்லை.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஓரிகன் கடற்கரை, நெடார்ட்ஸ் வளைகுடாவில் விஸ்கி கிரீக் என்று ஒரு சிப்பிக் குஞ்சு பொரிப்பகம். 2007, 2008-ல் தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் கிருமி என்றுதான் சந்தேகம். வடிகட்டினார்கள், சுத்திகரித்தார்கள், சாவு நிற்கவில்லை. வடக்குக் காற்று வீசும் நாட்களில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருகிறது, அதில் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கிறது என்பது பிறகுதான் பிடிபட்டது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸ் போன்றவர்கள் சேர்ந்து 2012-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். தீர்வு ரொம்பச் சாதாரணம்: நீரைத் தொடர்ந்து அளந்து பார்ப்பது, தொட்டியில் சோடியம் கார்பனேட் கரைத்து ஊற்றுவது, பிற்பகலில் மட்டும் நீர் ஏற்றுவது. பகலெல்லாம் பாசியும் கடற்புல்லும் வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகல் நீர் நல்ல நீர்; ராத்திரி எல்லா உயிரும் மூச்சு விட்டு விட்டு, விடியற்காலை நீர்தான் மோசம். நம் இறால் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள், காலை பி.எச். இறங்கியும் மாலை பி.எச். ஏறியும் இருப்பதை அவர்களே சொல்வார்கள்.

அப்படியானால் கடலிலேயே சுண்ணாம்பைக் கொட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தொட்டிக்குச் சரி, கடலுக்கு எத்தனை சூளை வேண்டும்? தவிர, 100 கிலோ கிளிஞ்சலைச் சுட்டால் கிடைப்பது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. பாக்கி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மேலே போகிறது. அடுப்பெரிக்கும் விறகு, கரிப் புகை அது தனிக் கணக்கு. கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதியைச் சூளையே தின்றுவிடும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். நம் கரையைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். முகத்துவாரங்களில் புகை மட்டும் எதிரி இல்லை. சாக்கடை கலந்து அழுகும்போது பிராணவாயு குறைந்து கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது; வெள்ளத்தில் வரும் நன்னீரில் கார்பனேட் குறைவு. உலகப் புகையைக் குறைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்; சாக்கடையைச் சுத்திகரிக்க அவ்வளவு காலம் வேண்டியதில்லை. தின்ற சிப்பியின் ஓட்டைக் குப்பையில் போடாமல் மறுபடி படுகையிலேயே போட்டால், புதுக் குஞ்சுகள் ஒட்ட இடம் கிடைக்கும்.

கடல்நீரை அளக்க ஆசைப்படும் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று மட்டும். விலை குறைந்த பேனா வடிவ பி.எச். மீட்டரின் பிழையே 0.1 இருக்கும், கடலில் இதுவரை நடந்த மொத்த மாற்றமும் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு முடிவு சொல்லாதீர்கள். காரத்தன்மை அளவையும் டைட்ரேஷன் செய்து கூடவே எடுங்கள். குப்பியை வழிய வழிய நிரப்பி, குமிழி இல்லாமல் மூடுங்கள். எடுத்த மணி, வெப்பநிலை, உப்பளவு மூன்றையும் குப்பி மேலேயே எழுதுங்கள். விடியற்காலை ஒரு குப்பி, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு குப்பி, இரண்டும் வேண்டும். வணக்கம்.