எஃப்.எம். நிலையத்தின் ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்கிறது?

வணக்கம் நண்பர்களே. ஆர்ஜே ஆவது எப்படி என்று ஏகப்பட்ட வீடியோ இருக்கிறது. அந்த ஆர்ஜேவைச் சுற்றி ஒரு நிலையமே வேலை செய்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசிப் பார்த்ததில்லை. நான் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் ஷெட்யூலிங் பிரிவில், அதாவது எந்த விளம்பரம் எப்போது ஓடும் என்று அடுக்கும் பிரிவில் இருந்தவன். அதனால் அந்த மேசையிலிருந்து பார்த்தால் நிலையம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எடுத்துக்கொள்வோம். அது 3600 விநாடி. கேட்பவருக்கு அது பாட்டும் பேச்சும். நிலையத்துக்கு அதுதான் கையிருப்பு. இதில் ஒரு பகுதியை விளம்பரத்துக்கு விற்று, அந்தப் பணத்தில்தான் சம்பளம், வாடகை, மின்சாரம், பாட்டுக்கான ராயல்டி, அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் எல்லாமே. ஆனால் இந்தச் சரக்கை அடுக்கி வைக்க முடியாது. எட்டு இருபதுக்கு விற்காமல் போன பத்து விநாடி எட்டு இருபத்தொன்றுக்கு இல்லை. அவ்வளவுதான், போயே போச்சு. நிலையத்தில் நடக்கிற எல்லாவற்றுக்கும் காரணம் தேடிப் போனால் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

விலை பேசுவது பத்து விநாடிக் கணக்கில். முப்பது விநாடி விளம்பரம் என்றால் மூன்று பங்கு. காலையிலும் மாலையிலும் ஆட்கள் வண்டியில் போகிற நேரத்துக்கு ஒரு விலை, மதியத்துக்கு ஒரு விலை. அரசு விளம்பரத்துக்கு மட்டும் மத்திய அரசே விலை வைத்திருக்கிறது. 2023-ல் அந்த அடிப்படை விலையைப் பத்து விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்த்தினார்கள். அடிப்படை விலை என்றால் தொடக்கப் புள்ளி. நகரம், கேட்பவர் எண்ணிக்கை எல்லாம் சேர்த்து நிலையத்துக்கு நிலையம் அது மாறும்.

விற்பனைப் பிரிவில் இரண்டு வகை ஆட்கள். விளம்பர ஏஜென்சிகளோடு பேசுபவர்கள் ஒரு பக்கம். ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூடம், மனை விற்பவர் என்று ஊருக்குள் ஏறி இறங்குபவர்கள் இன்னொரு பக்கம். ஏஜென்சி கேட்பவர் எண்ணிக்கையைக் கேட்கும். அங்கேதான் சென்னைக்குச் சிக்கல். ராம் (RAM, ரேடியோ ஆடியன்ஸ் மெஷர்மென்ட்) என்ற பெயரில் கேட்பவர்களிடம் டைரி கொடுத்து எடுத்த கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா என்ற நான்கு நகரங்களில்தான் நடந்தது. சென்னை அதில் இல்லை. பத்திரிகை வாசகர்களுக்காக எடுக்கும் சர்வேயில் வானொலி பற்றி வரும் சில எண்கள், அப்புறம் கடைக்காரரின் சொந்த அனுபவம், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டும். "உங்கள் விளம்பரம் கேட்டுவிட்டு வந்தோம் என்று நாலு பேர் சொன்னார்கள்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அடுத்த மாதமும் ஆர்டர் உண்டு. சொல்லவில்லை என்றால் எந்த சர்வேயைக் காட்டினாலும் வேலைக்கு ஆகாது.

சரி, விற்றாகிவிட்டது. ஆர்.ஓ. (ரிலீஸ் ஆர்டர், விளம்பரம் போடச் சொல்லும் ஆர்டர்) என்று ஒரு தாள் ஷெட்யூலிங் மேசைக்கு வரும். எந்த விளம்பரம், எத்தனை விநாடி, எந்தத் தேதி, எந்த நேர வரம்பு என்று அதில் இருக்கும். மறுநாளைக்கான பட்டியலை முந்தின நாள் மாலைக்குள் முடிக்க வேண்டும். அதைத்தான் லாக் என்கிறோம். ஒரே இடைவேளையில் இரண்டு நகைக்கடை வரக்கூடாது. ஆறு மணியோடு முடிய வேண்டிய விளம்பரம் ஆறரைக்குப் போகக்கூடாது. ஏழு மணி நிகழ்ச்சியின் ஸ்பான்சர் மசாலா கம்பெனி என்றால் அந்த நிகழ்ச்சிக்குள் வேறு மசாலா தலைகாட்டக்கூடாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் எல்லோருக்கும் காலை எட்டு மணிதான் வேண்டும். அப்போது ஷெட்யூலிங்கில் இருப்பவர் விற்பனைக்காரரோடு ஒரு பக்கம், நிகழ்ச்சிப் பிரிவோடு ஒரு பக்கம் மல்லுக்கட்டுவார். "இன்னும் ஒரு ஸ்பாட் போடு" என்று இவர், "இன்னும் ஒரு விளம்பரம் வந்தால் கேட்பவர் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்" என்று அவர். இருவர் சொல்வதும் நியாயம்தான். அந்த இடைவேளை எவ்வளவு நீளம் என்பதை முடிவு செய்ய வேண்டியது நிலையத் தலைவர். ஒரு நிலையம் நல்ல நிலையமா என்று எனக்குத் தெரிவது இந்த முடிவில்தான்.

பாட்டுப் பட்டியலும் இதே மாதிரி முன்னாலேயே தயாராகிவிடும். மியூசிக் மேனேஜர் பாட்டுகளைப் புது ஹிட், கொஞ்சம் ஆறிய ஹிட், பழையது என்று பிரித்து வைத்திருப்பார். எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு ஒருமுறை சுழல வேண்டும், ஒரே பாடகர் அடுத்தடுத்து வரலாமா என்ற விதிகளைக் கொடுத்தால் மென்பொருள் வரிசையைப் போட்டுத் தரும். அதை அவர் உட்கார்ந்து காதால் கேட்டுத் திருத்துவார். ஆகவே, தொலைபேசியில் நீங்கள் கேட்ட பாட்டு உடனே வந்தால், பெரும்பாலும் அது ஏற்கெனவே பட்டியலில் இருந்த பாட்டு.

பாட்டுக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பதிலும் பெரிய வழக்கு நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் இத்தனை மணி நேரம் பாட்டுப் போட்டால் இவ்வளவு என்று இருந்தது. 2010-ல் காப்புரிமை வாரியம் அதை மாற்றி, நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்றது. சிறிய ஊர் நிலையங்கள் மூச்சுவிட்டது அப்போதுதான். வருமானம் குறைந்தால் ராயல்டியும் குறையும் அல்லவா? 2020 கடைசியில் வந்த உத்தரவு மறுபடியும் மணிக்கணக்குக்குத் திரும்பியது. வருமானத்தில் சதவீதம் என்றால் ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடலாம். மணிக்கணக்கு என்றால் ஆள் கேட்காத நேரத்துப் பாட்டுக்கும் காசு.

அரசோடும் இதே கதைதான் நடந்தது. 1995-ல் உச்ச நீதிமன்றம் காற்றலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பு சொன்னது. 1999-ல் தனியாருக்கு ஏலம் விட்டார்கள். 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் வந்தது. முதல் கட்ட ஏலத்தில் உரிமக் கட்டணம் வருடத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். நீங்களே பெருக்கிப் பாருங்கள், பத்தாவது வருடம் முதல் வருடத்தைப் போல மூன்றரை மடங்கு. விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஏலம் எடுத்த பலர் நிலையமே தொடங்காமல் விட்டுவிட்டார்கள். 2005-ல் இரண்டாம் கட்டத்தில்தான் நுழைவுக் கட்டணம் ஒருமுறை, அப்புறம் வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றினார்கள். தமிழ்நாட்டில் மதுரை, திருச்சி, தூத்துக்குடி வரைக்கும் எஃப்.எம். பரவியது அந்த மாற்றத்துக்குப் பிறகு. சரியான கொள்கை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒலிபரப்புக் கோபுரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலையங்கள் தனித்தனியாகக் கோபுரம் கட்டுவதில்லை. ஸ்டுடியோவிலிருந்து ஒலி கேபிள் வழியாகவோ மைக்ரோவேவ் வழியாகவோ பொதுக் கோபுரத்துக்குப் போகும். அங்கே எல்லா நிலையங்களின் அலைகளையும் சேர்த்து ஒரே ஆன்டெனாவில் அனுப்புவார்கள். ஒரே ஊரில் இரண்டு தனியார் நிலையங்களுக்கு நடுவே குறைந்தது 0.8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும். சென்னையில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், புரிந்துவிடும்.

இப்போது எனக்கு மனசு பொறுக்காத விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போடலாம். போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, இயற்கைச் சீற்றம் போன்றவை செய்திக் கணக்கில் வராது, சொல்லலாம். ஆனால் உங்கள் ஊர் மாநகராட்சிக் கூட்டத்தில் நேற்று என்ன முடிவு எடுத்தார்கள் என்று நிருபரை அனுப்பிக் கேட்டு வந்து சொல்ல முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சக்தி எஃப்.எம்., சூரியன் எஃப்.எம். இரண்டும் தனியார் நிலையங்கள்தான். அங்கே செய்திப் பிரிவு இருக்கிறது, செய்தி வாசிக்கிறார்கள். இங்கே தொலைக்காட்சியில் இருபத்து நாலு மணி நேரமும் செய்தி ஓடலாம், செய்தித்தாளில் எழுதலாம், வானொலிக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு? எனக்கு இதில் எந்த நியாயமும் தெரியவில்லை.

செய்தி இல்லாததால் எல்லா நிலையமும் ஒரே பாட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பாட்டு எல்லோரிடமும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே வரும்? ஊர்க்காரக் குரலில்தான் வரும். அந்தத் தெரு, அந்தத் திருவிழா, அந்த ஊர்ப் பேச்சு. அங்கேதான் இப்போது கத்தி விழுகிறது. ஒரு நிறுவனம் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்ப மூன்றாம் கட்டக் கொள்கை 2011-ல் அனுமதி கொடுத்தது. சிறிய ஊரில் விளம்பர வருமானம் குறைவு, அதனால் மதியமும் இரவும் பெரிய ஊரிலிருந்து வரும் நிகழ்ச்சி. முதலாளியின் கணக்கு எனக்குப் புரிகிறது, அந்தக் கணக்கை நானே மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் தூத்துக்குடியில் மழை கொட்டும்போது சென்னையில் நேற்றே பதிவு செய்த குரல் "என்ன வெயில் மக்களே" என்று பேசினால், அதைக் கேட்பவர் அந்த நிலையத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? உள்ளூர்க் கடைக்காரரும் அப்படித்தான் யோசிப்பார். குரல் வெளியூர் ஆனதும் உள்ளூர் விளம்பரம் குறையும், அது குறைந்ததும் இன்னொரு ஆர்ஜேவை அனுப்பிவிடுவார்கள். காலை நிகழ்ச்சியையும் மாலை நிகழ்ச்சியையுமாவது அந்த ஊர் ஆளே செய்ய வேண்டும் என்று உரிமத்திலேயே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

2024-ல் புதிதாக 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எல்லாம் சிறிய ஊர்கள். தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த ஊர்களில் ஸ்டுடியோவும் ஆட்களும் இருப்பார்களா, இல்லை ஒரு டிரான்ஸ்மிட்டர் மட்டும் இருக்குமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

வானொலியில் சேர ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. எல்லோரும் ஆர்ஜே ஆடிஷனுக்குத்தான் வரிசையில் நிற்கிறீர்கள். விளம்பர வசனம் எழுதுபவர், புரோமோ (நிலையத்தின் சொந்த நிகழ்ச்சிக்கான விளம்பரம்) தயாரிப்பவர், ஷெட்யூலிங், மியூசிக், இந்த நாலு இடத்திலும் ஆள் தேடுவார்கள், விண்ணப்பம் குறைவாக வரும். நிலையத்துக்கு போன் செய்து நிகழ்ச்சித் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள். முப்பது விநாடிக்குள் அடங்கும் மாதிரி, உங்கள் ஊர்க் கடை ஒன்றுக்கு விளம்பரம் எழுதி, உங்கள் குரலிலேயே பதிவு செய்து கையோடு கொண்டுபோங்கள். எழுதி முடித்ததும் கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள், முப்பத்தொன்று வந்தால் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.