5000 ரூபாய்க்குள் ஒரு டேஷ்கேம்: நம்ம குமரி ரோட்டுக்கு எது போதும்?

வணக்கம் மக்களே. காருக்கு டேஷ்கேம் (முன்கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் பதிவு செய்கிற கேமரா) என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது 2500 ரூபாய்க்கு '4கே' கேமரா, அதாவது படம் மிக நுணுக்கமாக வரும் என்று சொல்லி விற்பது. அதைத் தள்ளிவிட்டுக் கீழே போங்கள், ஏன் என்று சொல்கிறேன். கேமராவும் கார்டும் சேர்த்து 5000 ரூபாய், அதுதான் நம்ம பட்ஜெட்.

(திரையில்: தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் ரோடு, காலை நேரம்)

முதலில் நம்ம ரோட்டைப் பாருங்கள். பெயருக்குத்தான் நேஷனல் ஹைவே. இரண்டு பக்கமும் கடையும் மதிலும், முக்குக்கு முக்கு திரும்பிப் பார்க்காமல் ஏறி வரும் பைக், நடு ரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றும் பஸ். இங்கே வண்டி இடிப்பது என்பது பெரும்பாலும் குறைந்த வேகத்தில், பத்தடி தூரத்துக்குள் நடக்கிற விஷயம், அதற்கப்புறம் கூட்டம் கூடி யார் மேல் தப்பு என்று அரை மணி நேரம் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் கேமரா. யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், முன்னால் போன வண்டி இண்டிகேட்டர் போட்டதா, பிரேக் விளக்கு எரிந்ததா, இவ்வளவும் 1080பி, அதாவது ஃபுல் எச்டி படத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, நம்பர் பிளேட் தெரிய வேண்டாமா? பகலில், முன்னால் போகிற வண்டி என்றால் தெரியும். ராத்திரி எதிரே வருகிற வண்டிக்கு ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் 60 கிலோமீட்டர் வேகம், அவரும் 60. இரண்டும் சேர்ந்து நொடிக்கு 33 மீட்டர். கேமரா நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படம் எடுக்கிறது, அப்படியானால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் அந்த வண்டி ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். இருட்டில் வெளிச்சம் போதாமல் ஷட்டரும் அதிக நேரம் திறந்திருக்கும், கூடவே எதிர் ஹெட்லைட் கண்ணைக் கூசும். பிளேட் வெள்ளையாகக் கலங்கிப்போகும். 4கே கேமராவில் அந்தக் கலங்கல் இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. மைக்கை ஆன் செய்து வையுங்கள். இடித்துவிட்டு ஒருவர் நிற்காமல் போகிறார் என்றால் 'டிஎன் 75' என்று ஆரம்பித்து நம்பரை வாய்விட்டுச் சொல்லுங்கள், படத்தில் தெரியாதது சத்தத்தில் பதிந்திருக்கும். (அதே மைக் காருக்குள் நடக்கிற வீட்டுச் சண்டையையும் பதியும். ஸ்டேஷனில் வீடியோவைப் போட்டுக் காட்டும்போதுதான் அது நினைவுக்கு வரும்.)

அந்த 2500 ரூபாய் 4கே விஷயத்துக்கு வருவோம். உண்மையான 4கே படத்துக்கு 8 மெகாபிக்சல் சென்சார் (கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற சில்லு) வேண்டும். விலை குறைந்தவற்றில் பலதிலும் உள்ளே இருப்பது 2 அல்லது 5 மெகாபிக்சல், அந்தப் படத்தை சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கும். ஃபைல் பெரிதாகும், கார்டு சீக்கிரம் நிறையும், புதிதாக ஒரு விவரமும் தெரியாது. அதனால் சென்சார் பெயரைப் பாருங்கள். சோனி ஐஎம்எக்ஸ்335 என்றால் 5 மெகாபிக்சல், நம்ம தேவைக்கு அருமையான சென்சார், ஆனால் அதை வைத்து '4கே' என்று விற்றால் கதை விடுகிறார்கள். ஐஎம்எக்ஸ்415 என்றால் 8 மெகாபிக்சல். சென்சார் பெயரே போடவில்லையா, அந்தக் கேமராவை விட்டுவிடலாம்.

கூடவே டபிள்யூடிஆர் இருக்கிறதா பாருங்கள், அதாவது வெயிலும் நிழலும் ஒரே படத்தில் வரும்போது இரண்டையும் சமாளிக்கிற வசதி. சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், சூரியன் நேரே முகத்தில் அடிக்கும். குலசேகரம் பக்கம் போனால் ரப்பர் தோட்டத்து நிழல், திடீரென்று வெயில், மறுபடியும் நிழல். டபிள்யூடிஆர் இல்லாத கேமராவில் பாதி நேரம் வானம் மட்டும்தான் தெரியும்.

(திரையில்: கன்னியாகுமரி பீச் பக்கம் வெயிலில் நிறுத்தியிருக்கும் கார்கள்)

அடுத்தது சூடு. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஏப்ரல் மாதம் மத்தியானம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரை வெயிலில் நிறுத்தினால், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கிற எந்தப் பொருளும் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். கேமராவுக்குள் லித்தியம் பேட்டரி இருந்தால் நாளடைவில் அது உப்பும், கேமரா தானாக ஆஃப் ஆகும், நேரமும் தேதியும் அழிந்து 2018 ஜனவரி 1 என்று காட்டும். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் (கொஞ்சம் கரண்ட்டை மட்டும் சேமித்து வைக்கிற பாகம்) வைத்த கேமரா இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். கரண்ட் போன பிறகு சில நொடிகள் மட்டும் ஓடி கடைசி ஃபைலை சேமித்துவிட்டு அணையும், அது போதும். பெட்டியில் பேட்டரி இத்தனை எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் உள்ளே லித்தியம் என்று அர்த்தம். வயோஃபோ கம்பெனி கேமராவில் கெபாசிட்டர்தான் வருகிறது, விலை கொஞ்சம் மேலே போகும். 70மாய் போன்ற கம்பெனிகளில் மாடலுக்கு மாடல் மாறும், பெயரை நம்பாமல் விவரப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். போனுக்குப் போடுகிற சாதாரண மெமரி கார்டு, திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிற இந்த வேலைக்குச் செய்தது இல்லை. ஒரு நாள் சத்தமில்லாமல் செத்துப்போகும், கேமராவில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். 'ஹை என்ட்யூரன்ஸ்' என்று போட்ட 64 ஜிபி கார்டு வாங்குங்கள். 1080பி-யில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6, 7 ஜிபி ஆகும், ஆக 64-ல் எட்டு மணி நேர ஓட்டம் நிற்கும், அதற்கு மேல் பழையதை அழித்துக்கொண்டு எழுதும். மாதம் ஒரு தடவை கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள்.

ஜி-சென்சார், அதாவது குலுக்கலை உணர்கிற பாகம், அதன் செட்டிங்கை 'லோ' என்று வையுங்கள். வண்டி இடித்தால் அந்த ஃபைலை அழியாமல் பூட்டி வைப்பதுதான் அதன் வேலை, ஆனால் 'ஹை' வைத்தால் நம்ம ஊர் பள்ளத்துக்கும் பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும் ஒவ்வொன்றாகப் பூட்டி, கார்டு முழுக்கப் பூட்டிய ஃபைலாக நிறைந்துவிடும்.

பின்பக்கக் கேமரா? இந்தப் பட்ஜெட்டில் இரண்டு கேமரா என்றால் இரண்டுமே சுமாராகத்தான் வரும். காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் தினமும் போகிறவராக இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் காசு முழுவதும் முன்பக்கத்துக்கே போகட்டும். நிறுத்தி வைத்த நேரத்திலும் பதிவு செய்கிற பார்க்கிங் மோடும் அப்படித்தான். அதற்குத் தனி வயரிங் கிட் வேண்டும், வோல்ட்டேஜ் இறங்கினால் தானாகத் துண்டிக்கிற கட்-ஆஃப் உள்ள கிட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கி வண்டி தள்ள வேண்டிவரும். வீட்டு போர்டிகோவில் நிறுத்துகிறவருக்கு எதற்கு அது?

பொருத்துவது பெரிய வேலை இல்லை. ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கிற இடத்துக்குள் ஒட்டுங்கள். ஆனி ஆடி மழை ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு தடவை என்று வருகிற ஊரில் வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் வருடத்தில் பாதி நாள் தண்ணீர்த் துளிதான் பதிவாகும். ஓரத்துத் தூண் வழியாக வயர் இறக்கும்போது கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடி ஓரமாக விரிகிற ஏர்பேக்) உள்ள வண்டியா என்று பாருங்கள். இருந்தால் ஏர்பேக்குக்குப் பின்னால்தான் வயர் போக வேண்டும், முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது அது குறுக்கே மாட்டும். தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே, ரிட்டர்ன் கொடுக்கிற நாள் முடிவதற்குள், ராத்திரி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து அந்த வீடியோவைப் போனில் இல்லாமல் கம்ப்யூட்டரில் பாருங்கள். சிக்னலில் முன்னால் நின்ற வண்டியின் நம்பரைக்கூடப் படிக்க முடியவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

(திரையில்: மெமரி கார்டை வெளியே எடுக்கும் கை)

ஒருவேளை விபத்து நடந்துவிட்டது. முதல் வேலை கார்டை வெளியே எடுப்பது, இல்லையென்றால் வீட்டுக்குப் போவதற்குள் கேமராவே அதை அழித்து எழுதக்கூடும். வீடியோவை வெட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி அந்தப் பிரதியைக் கொடுக்காதீர்கள், அதில் தரம் குறைந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் பழைய 1872 சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கிறது, அதன் 63-வது பிரிவின்படி எலக்ட்ரானிக் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்ட அதற்கென்று ஒரு சான்றிதழ் வேண்டும். அதனால் ஒரிஜினல் கார்டைத் தொடாமல் ஒரு கவரில் போட்டு, தேதியும் வண்டி நம்பரும் எழுதி வைத்துவிட்டு, கேமராவில் வேறு கார்டு போட்டு ஓட்டுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் நடந்தால் கேஸ் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகும், அங்கேயும் கேட்பது இதே கார்டைத்தான். ஜிபிஎஸ் உள்ள கேமரா என்றால் வீடியோவில் உங்கள் வேகமும் ஓரத்தில் பதிந்திருக்கலாம் என்பதை மட்டும் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.